குத்தூசி போட்டுப் பார்த்து வாங்குங்கள்

நாகப்பட்டினம் பழைய சரக்குக் கிட்டங்கியில் வீடு வாங்க முன்பணம் கொடுத்திருப்பவர்களுக்கும், கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும்,

வணக்கம். உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. சென்னை, திருச்சி, சிங்கப்பூர் என்று பல ஊர்களில் இருக்கிறீர்கள் என்று விற்பனை அலுவலகத்தில் சொன்னார்கள். துறைமுகம் போகிற வழியில் பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த கிட்டங்கியை இப்போது ஆடம்பர லாஃப்ட் வீடுகளாக மாற்றுகிறார்கள். மாதிரி வீடு ஒன்றைத் தயார் செய்து, போன மாதம் எல்லோரையும் பார்க்கக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். வாங்குகிற வசதி எனக்கு இல்லை. ஆனால் என் அப்பா அந்தக் கிட்டங்கியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பழைய கட்டிடங்களுக்குச் சுண்ணாம்பு வேலை செய்வது என் தொழில். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஹாலில் ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பூச்சை உரித்துச் செங்கல்லை வெளியே காட்டியிருந்தார்கள். அதன்மேல் கண்ணாடி மாதிரி மினுங்குகிற ஏதோ ஒரு பூச்சு. வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கீழே, தரையும் சுவரும் சேருகிற இடத்தில், சிவப்பாக ஒரு கோடு. குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தேன். செங்கல் பொடி. உரித்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, அதற்குள் செங்கல் உதிர ஆரம்பித்துவிட்டது.

அங்கிருந்த கட்டுநரிடம் சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினார். "வாங்குறவங்க இதைத்தான் கேக்குறாங்க, செங்கல் தெரியலைன்னா இது லாஃப்ட்டே இல்லைங்கிறாங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அதனால்தான் இதை அவருக்கோ ஏதாவது ஓர் அலுவலகத்துக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். அந்தச் சுவரை என்ன செய்வது என்று முடிவு செய்கிறவர்கள் நீங்கள்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிட்டங்கி வீடாக மாறுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சந்தோஷம்தான். ஆள் இல்லாத கட்டிடம் சாகும். ஓடு ஒன்று விலகும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும், உத்திரத்தின் நுனி உளுக்கும், சுவர் வெடிப்பில் அரசங்கன்று முளைக்கும். அப்புறம் ஒரு நாள் ஜேசிபி வரும். இந்த ஊரில் பழையது போவதைத் தடுக்க யாரும் பெரிதாக வருத்தப்பட்டதில்லை. கடலில் வருகிறவர்களுக்கு நாகப்பட்டினத்தை அடையாளம் காட்டிக்கொண்டு மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்று இங்கே நின்றது. புதுவெளிக் கோபுரம் என்பார்கள். பௌத்த விகாரம் இருந்த இடத்தில் மிஞ்சியிருந்த கட்டிடம் அது. 1867-இல் அரசாங்க அனுமதியோடு இடித்தார்கள். அந்த வட்டாரத்தில் தோண்டும்போது கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளைப் பார்க்க இன்று நாம் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போகிறோம். கோபுரத்தைப் பார்க்க எங்கேயும் போக முடியாது. அதற்குப் பிறகு மிஞ்சிய கொஞ்சத்தில் ஒன்றை நீங்கள் பணம் போட்டுக் காப்பாற்ற வருகிறீர்கள். வாருங்கள் என்றுதான் சொல்லுவேன்.

கிட்டங்கிக்குள் குடியிருப்பது தமிழர்களுக்குப் புதிதும் இல்லை. நம் வீடுகளில் லாஃப்ட் என்றால் கொலுப் பொம்மையும் பழைய அண்டாவும் ஏற்றி வைக்கிற பரண். நியூயார்க்கில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம்: பழைய ஆலைகளின், சரக்கு மாடிகளின் திறந்த பெரிய தளம். 1960-களில் சோஹோ பகுதியில் ஓவியர்களும் சிற்பிகளும் குறைந்த வாடகைக்கு அங்கே குடியேறினார்கள். சட்டப்படி அது குடியிருக்கும் இடம் இல்லை. 1971-இல்தான் நகர நிர்வாகம் கலைஞர்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. பிறகு வாடகை ஏறி, பணக்காரர்களின் வீடாயிற்று. லண்டனில் தேம்ஸ் கரையில் தேயிலையும் வாசனைப் பொருளும் வைத்திருந்த பட்லர்ஸ் வார்ஃப் 1972-இல் மூடப்பட்டு, பின்னால் வீடுகளானது. இதெல்லாம் உங்களுக்கு விளக்கப் புத்தகத்தில் காட்டியிருப்பார்கள். காட்டாதது ஒன்று: இவற்றுக்கெல்லாம் வெகு முன்பே சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் கிட்டங்கியில் குடியிருந்தார்கள். அந்த இடத்தின் பெயரே கிட்டங்கிதான். நீளமான கூடம், ஆளுக்கு ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டி. பகலில் அங்கேயே கொடுக்கல் வாங்கல், ராத்திரி அதே இடத்தில் பாய் விரித்துத் தூக்கம். அந்தத் தெருக் கிட்டங்கிகளும் பிறகு நகரச் சீரமைப்பில் போய்விட்டன. உங்களில் சிலருடைய தாத்தாக்கள் அங்கே படுத்திருக்கக்கூடும்.

நம்முடைய கிட்டங்கியின் கதையும் அந்தக் கடலோடு சேர்ந்ததுதான். 1860-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு ரயில் போட்டார்கள். டெல்டாவின் நெல்லும் அரிசியும் வண்டியிலும் ரயிலிலும் இங்கே வந்து, படகேறி, வெளியே நங்கூரம் போட்டிருக்கும் கப்பலுக்குப் போகும். திரும்பி வரும்போது பினாங்குப் பாக்கு வரும். நாகூர் மரக்காயர்கள் தலைமுறை தலைமுறையாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்தவர்கள். நாகூர் ஆண்டவர் நினைவாகத் தமிழ் முஸ்லிம்கள் சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் நடுவில் கட்டிய தர்காவை அந்த நாடு 1974-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. இன்றைக்கும் அது நிற்கிறது. என் சின்ன வயதில், பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்களை ஏற்றிப்போகிற ரஜூலா கப்பல் வருகிற நாள் ஊருக்கே திருநாள். 1985-இல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்த பிறகு அந்தப் பயணமும் நின்றது. 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்ட அன்று கரையில் நின்று கையாட்டினவர்களில் நானும் ஒருத்தி.

அப்பா காலத்துக் கிட்டங்கி இன்னும் மூக்கில் இருக்கிறது. கீழே அரிசியும் பாக்கும், மேலே துணிப் பொதி, புகையிலை. பெரிய தேக்குக் கதவைச் சரக்கு வரும்போது மட்டும் திறப்பார்கள். மற்ற நேரமெல்லாம் அதில் இருக்கிற திட்டிவாசல் வழியாகக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். வாசலுக்கு மேலே இரும்புக் கப்பி. அரிசி மூட்டை வந்து இறங்கியதும் அப்பா இடுப்பிலிருந்து குத்தூசியை எடுப்பார். கொண்டுவந்தவர் மேல்மூட்டையைக் காட்டுவார். அப்பா அடிமூட்டையில் குத்துவார். குழாய் வழியாக உள்ளங்கையில் விழுகிற அரிசியை மோந்து, கடித்து, பிறகுதான் நோட்டில் எழுதுவார். உங்களிடம் நான் கேட்பதும் அதைத்தான். மேல்மூட்டையைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, அந்தச் சுவருக்கு வருகிறேன்.

அது இரண்டடிக்கு மேல் பருமன். வண்டல் மண்ணை அறுத்துச் சூளையில் சுட்ட மெல்லிய செங்கல். அந்தக் காலச் சூளையில் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி வேகாது. நடுவில் இருந்தது நன்றாக வெந்திருக்கும், ஓரத்தில் இருந்தது அரைவேக்காடாக இருக்கும். கட்டினவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் கல்லை மழைக்கும் காற்றுக்கும் காட்டாமல் சுண்ணாம்பால் மூடினார்கள். சோஹோவில் பார்க்கிற செங்கல் வேறு. நம் கல் பூச்சுக்குள் இருப்பதற்கென்றே செய்தது. அங்கே பார்த்த அழகை இங்கே கொண்டுவர நினைத்தால், தாங்காத கல்லின் மேல் அந்தப் பாரம் விழுகிறது.

அப்புறம் உப்பு. கடலோரத்தில் நிலத்தடி ஈரத்திலேயே உப்பு உண்டு. செங்கல் பஞ்சு மாதிரி அந்த ஈரத்தை மேலே உறிஞ்சும். ஈரம் சுவரின் முகத்துக்கு வந்து காற்றில் காயும். தண்ணீர் போய்விடும், உப்பு போகாது. அது காய்ந்த இடத்தில் படிகமாகி, பருத்து, சுற்றியிருப்பதைப் பிளக்கும். சுவரின் முகத்தில் சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அந்தப் பிளவு பூச்சில் நடக்கும். பூச்சு உதிரும், சில வருடத்துக்கு ஒருமுறை அந்த இடத்தை மட்டும் செதுக்கிவிட்டுத் திரும்பப் பூசுவோம். கல்லுக்கு ஒன்றும் ஆகாது. பூச்சை உரித்துவிட்டால் பிளவு கல்லிலேயே நடக்கும். அதன்மேல் மினுங்குகிற பூச்சை அடித்தால் இன்னும் மோசம். ஈரம் வெளியே வர வழியில்லாமல் அந்தப் படலத்துக்குப் பின்னாலேயே காயும், கல்லின் முகம் செதில் செதிலாகக் கழன்று வரும். சிமெண்ட் பூசினாலும் இதே கதிதான். சிமெண்ட் கெட்டி, மூச்சு விடாது. நடுவில் ஒரு இடத்தில் விரிசல் விட்டால் மழை உள்ளே போகும், திரும்பி வராது. கடைசியில் பூச்சு பாளமாக விழும்போது பாதிச் செங்கல்லையும் பிடித்துக்கொண்டு விழும்.

இதை நான் கையால் தொட்டுக் கற்றுக்கொண்டேன். என் முப்பதுகளில் ஒரு பழைய சத்திரத்தின் சுவருக்கு அவசரமாகப் பூச்சு வேலை வந்தது. திறப்பு விழாத் தேதி குறித்துவிட்டார்கள், சுண்ணாம்பு புளிக்க நேரமில்லை, சிமெண்ட் பூசு என்றார்கள். எனக்குத் தெரிந்திருந்தும் சம்மதித்தேன். விழா நன்றாக நடந்தது. எட்டாவது வருடம் போய்ப் பார்த்தபோது மேற்குச் சுவரில் ஆள் உயரத்துக்குச் செங்கல் அரிசி மாவு மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்கு அந்த வேலையை விட்டுவிடத் தைரியம் இருந்திருக்கலாம் என்று இன்றுவரை நினைக்கிறேன். அந்த எட்டு வருடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்ததிலிருந்து ஐந்து வருடத்துக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளைக் கட்டுநர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். பழைய சுவரை உப்பு தின்பது பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான் உங்கள் கண்ணுக்குத் தெரியும். அப்போது அது உங்கள் செலவு.

இந்தக் குறிப்பிட்ட சுவரில் சாதாரணமாக ஊறிய உப்பு மட்டும் இல்லை. இதை எழுத எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை கடல் உள்ளே வந்தபோது அந்தக் கிட்டங்கியின் கீழ்த்தளம் மூழ்கியது. அப்போது காவலுக்கு இருந்தவர் திட்டிவாசலைத் திறந்துவிட்டார். ஓடி வந்தவர்கள் மரப்படி ஏறி மேல்தளத்துக்குப் போனார்கள். கீச்சாங்குப்பத்துப் பெண்கள், பிள்ளைகள், மார்க்கெட்டுக்கு வந்தவர்கள். சாயங்காலம் நான் என் தங்கையைத் தேடிக்கொண்டு அங்கே போனபோது அவள் அந்த மாடியில் யாரோ ஒருவருடைய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் அம்மா வரவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் போனார்கள். அக்கரைப்பேட்டையையும் கீச்சாங்குப்பத்தையும் அன்று பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கிட்டங்கிச் சுவர் நின்றது.

அடுத்த வருடம் அந்தச் சுவரின் கீழ்ப்பகுதிப் பூச்சைச் செதுக்கி எடுத்துப் புதுச் சுண்ணாம்பு பூசியது எங்கள் ஆட்கள்தான். சுவருக்குள் போன கடலை வெளியே எடுப்பதற்கென்றே, கொஞ்சம் மணல் கூடுதலாகப் போட்டு, உப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு உதிர்ந்துபோகிற மாதிரி ஒரு பூச்சு. இரண்டு வருடத்தில் அது வெள்ளையாகப் பூத்து உதிர்ந்தது. எடுத்துவிட்டு இன்னொரு முறை பூசினோம். இன்னும் இரண்டு தடவை பூசியிருந்தால் முக்கால்வாசி உப்பு வெளியே வந்திருக்கும். அதற்குள் கட்டிடத்தைப் பூட்டிவிட்டார்கள். மாதிரி வீட்டுத் தரையில் நான் தொட்ட பொடியில் அந்தக் கடலின் உப்பும் இருக்கிறது. அதை உள்ளே வைத்து மூடாதீர்கள்.

சுண்ணாம்புக்குச் செலவு கூடும், நாள் கூடும். மறைக்கவில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பை நீர்த்து, சலித்து, தொட்டியில் ஊறப்போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த தண்ணீரை விட்டு அரைக்க வேண்டும். ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவில் விட வேண்டிய நாளை விட வேண்டும். சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து சீக்கிரம் கெட்டியாகும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துத்தான் திரும்பக் கல்லாகும், அதற்கு மாதங்கள் வேண்டும். வேலை தெரிந்த கொத்தனார்களும் குறைந்துவிட்டார்கள். ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் கோயில் திருப்பணி செய்கிறவர்களில் இருக்கிறார்கள். ஒரு கட்டிடத்துக்கு ஒரு வருட வேலை என்று சொன்னால், மகனையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். மகன் கற்றுக்கொள்வான்.

சுவர் வெள்ளையாக இருந்தால் லாஃப்ட் மாதிரி இருக்காதே என்று உங்களுக்குத் தோன்றலாம். கொஞ்சம் நேரம் கொடுத்துப் பாருங்கள். நன்றாக மெழுகித் தேய்த்த சுண்ணாம்புச் சுவர் பளிங்கு மாதிரி இருக்கும். அதில் காலை வெயில் விழும்போது மஞ்சளும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஒரு நிறம் வரும். சித்திரை மத்தியானத்தில் உள்ளங்கையை வைத்தால் சில்லென்று இருக்கும். அந்தக் கூடத்தின் அழகு அதன் உயரத்திலும், தேக்கு உத்திரங்களின் வரிசையிலும், மேலே சின்ன ஜன்னல்களிலிருந்து சாய்ந்து விழுகிற வெளிச்சத்திலும் இருக்கிறது. அது எதையும் உரிக்க வேண்டியதில்லை.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கீழே பெரிய ஜன்னல் வேண்டும் என்று சுவரை அறுக்கச் சொல்லாதீர்கள். அந்தச் சுவர்தான் தூண். வெளிச்சம் வேண்டுமென்றால் பெரிய கதவைத் திறந்து அதற்குள் கண்ணாடி வைக்கலாம், கூரையில் ஓடு வேய்ந்த பகுதியில் சில ஓடுகளைக் கண்ணாடி ஓடாக மாற்றலாம். நடுத்தளம் போடுகிறார்களே, படுக்கையறைக்காக, அதன் இரும்புச் சட்டம் சொந்தக் காலில் நிற்க வேண்டும். பழைய சுவரைக் குடைந்து உத்திரம் சொருகினால் பாரம் முழுக்க அந்த ஒரே இடத்தில் இறங்கும். நட்டு போல்ட்டால் முடுக்கியதாக இருந்தால் நாளைக்கு வேறொருவர் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். கடல்காற்றில் துரு பிடிக்காமல் இரும்புக்குத் துத்தநாக முலாம் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். குளியலறையைத் தேக்கு உத்திரத்தின் நுனி சுவருக்குள் போகிற இடத்தை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மரம் முதலில் உளுப்பது அங்கேதான். ஏசி தண்ணீர்க் குழாய் சுவரில் சொட்டக்கூடாது.

மொட்டை மாடி நீச்சல்குளம் வேண்டவே வேண்டாம். நாலு அடி ஆழத் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு ஆயிரத்து இருநூறு கிலோ. அந்தத் தளம் மரச்சட்டத்தின் மேல் அட்டைக்கல் என்கிற மெல்லிய செங்கல்லைச் சாய்வாகக் குத்தி, சுண்ணாம்பு போட்டு அடித்த மெட்ராஸ் டெரஸ். வடாம் காயப்போடவும் வெயில் தாங்கவும் செய்தது. அதன்மேல் ஒரு குளத்தை ஏற்ற வேண்டுமானால் அடியில் முழுக்க கான்கிரீட் சட்டம் எழுப்ப வேண்டும். அப்படிச் செய்தால் நீங்கள் வாங்குவது கான்கிரீட் வீடு, சுற்றிலும் பழைய சுவர் வெறும் போர்வை. கடல் அரை மைலில் இருக்கிறது.

இரண்டு விஷயம் கட்டிடத்துக்காக இல்லாமல் ஊருக்காகக் கேட்கிறேன்.

தெருப்பக்கம் நீளமாக ஒரு திண்ணை இருக்கிறதே, வரைபடத்தில் அதை மூடி கார் நிறுத்த இடமும் மதில் சுவரும் காட்டியிருக்கிறார்கள். வண்டியிலிருந்து மூட்டையை நேராகத் தோளுக்கு மாற்றுகிற உயரத்தில் கட்டிய திண்ணை அது. லோடுமேன்கள் அங்கேதான் சாப்பிட்டு, துண்டை விரித்துப் படுப்பார்கள். சரக்கு நின்ற பிறகும் அது காலியாக இருந்ததில்லை. காலையில் மீன்கூடையோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பெண்கள் அங்கே உட்காருகிறார்கள், மத்தியானம் நிழலுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அந்தத் திண்ணையை விட்டுவிடுங்கள். மதிலை அதற்கு உள்ளே தள்ளிப் போடுங்கள். உங்களுக்கு ஏழெட்டடி போகும். மீன் வாடை வருமே என்று நினைத்தால், அந்த ஊரில்தான் வீடு வாங்குகிறீர்கள் என்று அன்போடு சொல்லுவேன்.

இன்னொன்று மாடிப்படி. மேல்தள வீடுகளுக்கு லிஃப்ட்டும் பூட்டுப் போட்ட தனி வாசலும் வருகிறது. இருக்கட்டும். ஆனால் தெருவிலிருந்து திட்டிவாசல் வழியாக மேலே ஏறுகிற ஒரு படியை அப்படியே வைத்து, புயல் எச்சரிக்கையோ கடல் எச்சரிக்கையோ வந்தால் அதைத் திறந்துவிடுவது என்று உங்கள் குடியிருப்போர் சங்கத்தின் விதியிலேயே எழுதுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது இங்கே பக்கத்தில்தான். ஓடு போன வீடுகளில் இருந்தவர்கள் விடியும்வரை எங்கே நின்றார்கள் என்று எனக்குத் தெரியும். கிட்டங்கி அன்றைக்குப் பூட்டியிருந்தது. உங்களில் பலர் வருடத்தில் சில வாரம்தான் இங்கே இருப்பீர்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளிலும் திறக்க ஒரு சாவி யாரிடமாவது இருக்க வேண்டும்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். பாரம்பரிய ஆணையத்துக்கென்று 2012-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களுக்கு மத்திய அரசின் சட்டம் தனியாக உண்டு. பாபநாசம் திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் அரசுத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால்தான் நாம் இன்றும் போய்ப் பார்க்கிறோம். பட்டியலில் இல்லாத ஒரு தனியார் கிட்டங்கியின் உள்சுவருக்கு எந்தப் பூச்சு என்று யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. அதைப் பார்க்க வேண்டியது ஒப்பந்தம். அதில் சுவருக்கு உள்ளும் புறமும் சுண்ணாம்புப் பூச்சு, சுண்ணாம்பு வெள்ளை என்று வாசகமாக எழுதச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பெயிண்ட் கூடாது என்றும் எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே உரித்த சுவரை வேலை தெரிந்த ஒருவரை வைத்துத் தட்டிப் பார்த்து, உப்பைச் சோதித்து, திரும்ப மூடச் சொல்லுங்கள். குடிவந்த பிறகு சங்கத்துக்கென்று மாதம் கட்டுகிற பணத்தில் ஒரு பகுதி, வருடா வருடம் வெள்ளையடிப்பதற்கும் சில வருடத்துக்கு ஒருமுறை கீழ்ப்பூச்சை மாற்றுவதற்கும் தனியாக நிற்கட்டும். பொங்கலுக்கு முன்னால் கிட்டங்கிக்கு வெள்ளையடிப்பது அப்பா காலத்திலும் அப்படித்தான் நடந்தது. அந்தச் செலவு அவர் நோட்டில் தனிப் பக்கமாக இருக்கும்.

ஒருவர் தனியாகக் கேட்டால் கட்டுநர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். பத்துப் பேர் ஒரே வாரத்தில் "செங்கல் வேண்டாம், சுண்ணாம்பு வேண்டும்" என்று எழுதினால் விளக்கப் புத்தகமே மாறிவிடும்.

அப்பாவின் குத்தூசி என்னிடம் இருக்கிறது. மரப்பிடி தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் வாருங்கள், ஐப்பசி கார்த்திகை மழை ஓய்வதற்குள் வந்தால் நல்லது. வெளிப்பாளையத்திலிருந்து நான் நடந்தே வந்துவிடுவேன். சுவரில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று காட்டுகிறேன். நாங்கள் பூசிய சுண்ணாம்புப் பூச்சு படிக்கட்டுக்கு அடியில் ஒரு முழ அகலத்துக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. அதில் கை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு ஹாலுக்கு வந்து உரித்த சுவரிலும் வைத்துப் பாருங்கள்.

அன்புடன்,
நாகப்பட்டினத்துக் கணக்குப்பிள்ளை மகள்